இப்போ பார்த்தா வேற மாதிரி இருக்கு

ஆயாக்கா வாங்கிய காயைச் சீனர் உடனே பொட்டலம் கட்ட மாட்டார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வீட்டு வரிசை முடிகிற முனையில் அவருடைய காய்கறிக் கடை இருந்தது. நாங்கள் வாங்கினால் பழைய சீனப் பத்திரிகைத் தாளில் மளமளவென்று சுருட்டி, நாரால் ஒரு முடிச்சுப் போட்டு நீட்டிவிடுவார். ஆயாக்கா வாங்கினால் மட்டும் காயைச் சாக்கின் ஓரத்தில் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். அவளும் வெறுங்கையோடு பத்து வீடு தாண்டிப் போய், ஒரு நிமிஷம் நின்று, திரும்பி வருவாள். கத்தரிக்காய் வேண்டாம், வெண்டைக்காய் கொடு என்பாள். சில நாள் வெண்டைக்காயும் வேண்டாமென்று ஆகி மறுபடி கத்தரிக்காய்க்கே வந்து சேரும். அதற்கப்புறம்தான் பத்திரிகைத் தாள் கிழியும். வரிசைக்குப் புதிதாக வந்த யாராவது, அந்த அம்மாள் ஏன் காயை எடுக்காமல் போகிறாள் என்று கேட்டால் சீனர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மலாயில், "நந்தி பாலிக்" என்பார். பிறகு திரும்பி வரும் என்று அர்த்தம்.

துரைமார் பங்களாவில் பிள்ளை பார்க்கிற ஆயா, எங்களுக்கு அக்கா, இரண்டும் சேர்ந்து ஆயாக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை. குள்ளமான உருவம், நாற்பது வயது, சிரித்தால் மேல் ஈறு தெரியும். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி இரண்டாம் தடவை பார்ப்பாள். அந்த இரண்டாம் பார்வையில்தான் எல்லா வம்பும் ஆரம்பிக்கும்.

அவளுடைய குணத்துக்கு எங்கள் வரிசையில் ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். என் அம்மா 'நிலையில்லாதவ' என்பாள். அம்மா வாயில் அது பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற அளவுக்குத்தான் கனம். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனின் பெண்டாட்டி, 'நேரத்துக்கு ஒரு புத்தி' என்பாள். அதில் எரிச்சல் இருக்கும், ஏனென்றால் அவள் வீட்டுப் பின்புறப் பலகை அறையில்தான் ஆயாக்கா குடியிருந்தாள். அப்பா ஒரே ஒரு தடவை 'சபல புத்தி' என்று சொல்லிவிட்டார். அம்மா முறைத்த முறைப்பில் அந்தச் சொல்லை அதோடு விட்டார். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது காய்கறியோடு நிற்காது, வேறு எங்கேயோ போய்விடும் என்று அம்மாவுக்குத் தெரியும். பார்க்கப் போனால் எல்லாம் ஒரே குணத்துக்கான சொற்கள்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் சண்டை வரும்.

அவளையே கேட்டால் ஒரு வாக்கியம்தான் பதில். "இப்போ பார்த்தா வேற மாதிரி இருக்கு." அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமே இருக்காது. நேற்று ஒன்று சொன்னோமே, இன்று மாற்றிப் பேசுகிறோமே என்று நாமெல்லாம் நெளிவோம் இல்லையா, அது அவளிடம் கிடையாது. என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள், பேச்சு முடிவதற்குள் டீச்சர் என்பாள், நடுவில் நீயும் வரும் நீங்களும் வரும். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மெத்தடிஸ்ட் கோவிலுக்கு என்று கிளம்புவாள், வழியில் கற்பூர வாசம் வந்தால் மாரியம்மன் கோவில் பக்கம் திரும்பிவிடுவாள். சில வாரம் இரண்டுக்கும் போகாமல் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அம்மாவோடு வெங்காயம் உரிப்பாள்.

அவள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் மேலே போனால் நான் நன்றி கெட்டவள். நான் ஜூனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியதும், படித்த மிஷன் பள்ளியிலேயே கீழ் வகுப்புக்கு டீச்சராக வரச் சொல்லிப் பெரிய மிஸ் ஆள் அனுப்பினாள். பெரிய மிஸ் என்றால் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை. அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்கு. என் மகள் வேலைக்குப் போய்த்தான் இந்த வீடு நடக்க வேண்டுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சாயங்காலம் ஆயாக்கா வந்திருந்தாள். அப்பா அவளைச் சாட்சிக்கு இழுத்தார். அவளும், ஆமாங்கய்யா, வயசுப் பொண்ணு, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் குடித்த காப்பி டம்ளரைக் கழுவாமலே போட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா கிளம்பும்போது வாசலில் நிற்கிறாள். ஐயா, நேத்து சொன்னது தப்பு என்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தாளாம், நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேனாம், வேறு மாதிரி இருந்ததாம், ஆகையால் அனுப்புங்கள் என்கிறாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் பேச்சைக் கேட்டு முடியாதென்று கடிதமே எழுதிவிட்டேனே என்றார். எழுதினா என்னங்கய்யா, இன்னும் போடலையே என்றாள். கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு வாரம் அவரை விடவில்லை. தினமும் அவர் செருப்பு மாட்டுகிற நேரத்துக்கு வந்து நின்றாள். எட்டாம் நாள் அப்பா அந்தக் கடிதத்தைக் கிழித்தார். காய்கறிக்குப் பத்து வீடு தாங்காத மனசு அந்த ஒரு வாரம் மாறாமல் நின்றதை நான் அப்போது கவனிக்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் புடவைக்குக் கரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவளிடம் பிடிக்காததும் உண்டு. கிள்ளான் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர், மனைவியை இழந்தவர், இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் விட்டார். ஆயாக்காவின் புருஷன் கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே ஜுரத்தில் போய்விட்டார். அந்தத் தோட்டத்துத் துரை வீட்டுக்குப் பிள்ளை தூக்கப் போனதுதான் அவளுடைய ஆயா வேலைக்கு ஆரம்பம். போர்ட்டர் கேட்டதும் சரியென்றாள். வீட்டைப் பார்க்கக் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். மனிதர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பானை, புதுப் பாய் எல்லாம் வாங்கி வைத்திருந்தாராம். பார்த்தாள், பிடித்திருக்கிறது என்றாள், அவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தாள், ஸ்டேஷனுக்கு வந்தாள். ரயிலுக்குக் காத்திருக்கையில் அவர் யாருக்கோ பெட்டி தூக்கினார். அதைப் பார்த்தாள். வேணாங்க என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மா கேட்டதற்கு, பெட்டியை இறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி வேணாம், ஓய்வுதான் வேணும் என்றாள்.

அந்த மனிதர் அதற்கப்புறம் மூன்று ஞாயிறு கிள்ளானிலிருந்து வந்து, எங்கள் வரிசை முனையில் நின்றுவிட்டுப் போனார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆசை காட்டிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று அவளிடம் சண்டைக்கே போனேன். தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டாள். நாலாவது ஞாயிறு தானாகவே மனம் மாறி, தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு சீனர் கடை முன்னால் நின்றாள். அன்றைக்கு அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

ஏரித் தோட்டத்துக்கு மேலே, மேட்டில் இருந்த ஒரு பங்களாவில் அவளுக்கு ஆறு வருஷம் வேலை. அங்கே துரைசானி மணி தவறாதவள். குழந்தை எழுவது, குளிப்பது, பால் குடிப்பது, தூங்குவது எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஆயாக்காவுக்கு எழுத்துத் தெரியாது, கடிகாரம் தெரியும். கடிகாரத்தைப் பார்ப்பாள், அப்புறம் குழந்தையின் முகத்தைப் பார்ப்பாள். முகம்தான் ஜெயிக்கும். ஒரு நாள் குளியல் மத்தியானம் நடக்கும், ஒரு நாள் நடக்கவே நடக்காது. சாயங்காலம் தள்ளுவண்டியில் ஏரித் தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னால், பாதி வழியில் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அப்படித் திரும்பிய நாளில் மழை வந்ததும் உண்டு. வராத நாள்தான் அதிகம். அதை நான் சுட்டிக்காட்டினால் ஈறு தெரியச் சிரிப்பாள். கதை சொன்னால் ஒரு நாள் நரி முதலையிடமிருந்து தப்பிக்கும், மறுநாள் அதே நரி, பாவம் பசிக்கிறதே என்று முதலைக்கு வாலைக் கொஞ்சம் கடிக்கக் கொடுக்கும். குழந்தை அழுதுகொண்டே தாயிடம் போய் எது நிஜம் என்று கேட்கும். துரைசானி வந்து ஆயாக்காவை ஏசுவாள்.

ஆறாம் வருஷ முடிவில் அந்தக் குடும்பம் சீமைக்குத் திரும்பியது. போகும்போது துரைசானி ஆயாக்காவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

பங்களா வேலைக்காரர்களுக்கு அந்தச் சீட்டுதான் எல்லாம். இன்ன வீட்டில் இத்தனை வருஷம் இருந்தாள், இப்படிப்பட்டவள் என்று பழைய துரைசானி எழுதித் தருவதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் நுழைய முடியும். வேலைக்காரர்களுக்குப் படிக்கத் தெரியாது. சிரித்துக்கொண்டே கொடுத்த சீட்டுக்குள் என்ன இருக்கிறதோ என்று நேராக எழுத்துத் தெரிந்தவரிடம் போய்ப் படிக்கக் கேட்பார்கள். நல்லதாக இருந்தால் தகர டப்பாவில் பத்திரப்படுத்துவார்கள். மோசமாக இருந்தால் அடுப்பில் போட்டுவிட்டு, அதற்கு முந்திய சீட்டோடு வேலை தேடுவார்கள். எங்கள் வரிசையில் படித்துச் சொல்கிறவள் நான். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன் என்று எனக்குப் பெயர். ஒரு குசினிக்காரரின் சீட்டில், இவன் சமையலை இவன் மட்டுமே சாப்பிட முடியும் என்று எழுதியிருந்தது. அப்படியே சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுச் சீட்டை எங்கள் வீட்டு அடுப்பிலேயே போட்டார்.

ஆயாக்கா வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. ஸ்டேஷனில் குழந்தை அவள் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டதாம், துரைசானி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாளாம். "நல்லாத்தானே எழுதியிருக்கு பாப்பா?" என்று சீட்டை நீட்டினாள். நாலே வரி. நேர்மையானவள், சுத்தமானவள், குழந்தைகளிடம் பிரியமுள்ளவள். மூன்றாம் வரியின் கடைசியில், ஆனால் 'சேஞ்சபிள்' என்று முடித்து, நாலாம் வரியில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மாறிக்கொண்டே இருப்பது என்று பொருள், எனக்குத் தினமும் காதில் விழுகிற சொல். மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால் பெரிய மிஸ் குடையை எடுத்துக்கொண்டே அதைச் சொல்வாள். வானத்துக்குச் சொன்னால் யார் மனமும் நோகாது. பிள்ளை வளர்க்கிறவளுக்குச் சொன்னால் எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய் அகராதியைப் புரட்டினேன். இனிப்பாக ஒரு பொருள் கிடைக்காதா என்றுதான். 'அன்ஸ்டெடி' என்று இருந்தது, அது குடித்தவன் நடைக்குச் சொல்வது. 'ஃபிக்கிள்' இருந்தது, அதைக் காதலனை மாற்றுகிறவளுக்குச் சொல்வார்கள். 'இன்கான்ஸ்டன்ட்' இன்னும் மோசம், 'வேரியபிள்' கணக்கு வகுப்புக்கு உரியது. ஒன்றைக்கூட வெளியே எடுத்துப் போக முடியவில்லை. திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்த்து, அகராதியில் எங்குமே இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"சமயம் பார்த்து அதுக்குத் தக்க நடந்துக்குவாங்கன்னு போட்டிருக்கு, ஆயாக்கா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, ஏசிக்கிட்டே இருந்தாலும் அந்தம்மா என்னைக் கவனிச்சிருக்கு" என்றாள். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பழகிக்கொண்டாள். போகிறபோது சீனரிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு சீட்டைத் தப்பாகப் படித்தோமே என்று எனக்கு உறுத்தவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்றுதான் இருந்தது. மடத்தனம்.

அவை ரப்பர் விலை விழுந்த வருஷங்கள். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், துரைமாரும் குறைந்தார்கள். ஒரு பங்களாவில் ஆயா வேலை காலி என்றால் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். வேலையில்லாதவர்கள் லேபர் ஆபீஸில் பேர் கொடுத்தால், கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆயாக்காவுக்கு அங்கே ஒருவரும் இல்லை. பதினாறு வயதில் விட்டு வந்த ஊர், எந்தத் தெரு என்றுகூட நினைவில்லை என்பாள். பங்களா இல்லையென்றால் கப்பல், அவ்வளவுதான் அவள் நிலைமை.

நாலு பங்களாவுக்குப் போனாள். நாலிலும் சீட்டைப் படித்துவிட்டு ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் துரைசானி சீட்டைப் பிரிப்பதற்குள் இவளே முந்திக்கொண்டு, கையைக் கட்டி நின்று, "மீ வெரி சேஞ்சபிள், மெம்" என்றாளாம். அந்தத் துரைசானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். சிரித்த முகம், கட்டாயம் கூப்பிடும் என்று ஒரு வாரம் காத்திருந்தாள். அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கிக் கொடுத்தது நான். நடுவில் இரண்டு தடவை லேபர் ஆபீஸில் பேர் கொடுத்து, இரண்டு தடவையும் மறுநாளே போய் வேண்டாமென்று பேரை அடித்துவிட்டு வந்தாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் பொய் சொன்னதும் வெளியே வரும். அதற்குப் பதிலாக, சீட்டு மடிப்பில் கிழிகிறது, பின்னால் தாள் ஒட்டித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஆபீஸ் தாளில் தப்பு விழுந்தால் மை சுரண்ட அப்பா ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். அதை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் சுரண்டினேன். 'ஆனால்' சீக்கிரம் போய்விட்டது. மற்றது ஆழமாக இறங்கியிருந்தது. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அவள் கண்ணில் படாதபடி மடித்துக் கொடுத்தேன். மடிப்பில் மட்டும் ஒட்டியிருந்ததால் அந்த இடம் மெலிந்தே இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

ஐந்தாவது பங்களாவிலிருந்து அவள் திரும்பி வந்தபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"கொழந்தை எங்கிட்ட வந்திடுச்சு பாப்பா. அந்தம்மாவும் நாளையிலேருந்து வான்னு சொல்ற மாதிரிதான் இருந்திச்சு. அப்புறம் சீட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சிச்சு. ஒரு எடத்துல வெளிச்சம் தெரிஞ்சிச்சு. என்னை ஒரு பார்வை பார்த்திட்டு, கொழந்தைய எங்கிட்டேருந்து வாங்கிக்கிச்சு."

சீட்டை என் நோட்டுகளின் மேல் வைத்தாள். மூன்றாம் வரியின் கடைசியில் விரலை வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா என் சொல்லு எங்க இருந்திச்சுன்னு தெரியும்" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துரைசானி எழுதியது என்ன, நான் சொன்னது என்ன, கத்தி எங்கே இருந்து எடுத்தேன் என்பது வரைக்கும். அவள் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தாள். அந்த வாக்கியம் வரப் போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா அடுப்புல போட்டிருப்பேனே. தோட்டத்துச் சீட்டு இருந்திச்சே" என்று மட்டும் சொன்னாள். அதையும் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

நாளைக்கு அந்தப் பங்களாவுக்கு நானே வந்து, சுரண்டியது நான், இவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். "வரியா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஒருவர் கையெழுத்திட்ட சீட்டைச் சுரண்டிய டீச்சரைப் பெரிய மிஸ் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டாள். மேட்டுப் பங்களாக்காரர்களும் அவளும் ஒரே கோவிலில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். காலையில் தலை வாரி, புடவை கட்டி, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தேன். எழுந்து வாசலுக்குப் போகவில்லை. ஆயாக்கா வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"வேணாம் பாப்பா. இப்போ பார்த்தா வேற மாதிரி இருக்கு. நீங்க அங்க வந்து நின்னா உங்க வேலை போயிடும். அந்த வேலைக்கு உங்கப்பாகிட்ட ஒரு வாரம் நின்னது நான்."

இல்லை, வருகிறேன் என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் வேண்டாமென்று கையை ஆட்டியதும் எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அவள் மூன்றாம் தடவையாக லேபர் ஆபீஸில் பேர் கொடுத்தாள். தோட்டத்துச் சீட்டோடு தேடேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அது பழசு, அந்தத் துரையும் இப்போது இல்லை, இனி யார் நம்புவார்கள் என்றாளாம். வரிசையில் யாரும் கவலைப்படவில்லை. "மறுநாளே அடிச்சிட்டு வந்துடும் லா" என்றாள் பாயிண்ட்ஸ்மேன் பெண்டாட்டி. மறுநாள் அடிக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. சரி, ஸ்டேஷனில் மாறுவாள், இல்லாவிட்டால் கிள்ளானில் மாறுவாள், அங்கேதானே முன்னே ஒரு தடவை மாறினாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

போகிற நாள் சனிக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை. தகர டப்பாவையும் ஒரு துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தாள். அம்மா அழுதாள். நான் அழவில்லை. சாயங்கால ரயிலில் வந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும் என்று கேலி பண்ணினேன். "வந்தாலும் வருவேன், டீச்சர்" என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. எதற்கு, வரப் போகிறவள்தானே.

அவள் நிலையில்லாதவள் என்று நம்பித்தான் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சீட்டிலிருந்து அந்தச் சொல்லைச் சுரண்டி எடுத்தவளே, அதையே நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போயிருந்தால், ரயில் நகர்கிற வரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள் என்று கெஞ்சியிருந்தால், அவள் தலையைச் சாய்த்து ஒரு தடவை என்னைப் பார்த்திருப்பாள். அவளுக்குத் தேவை அது ஒன்றுதான். இது எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து இல்லை. அன்றைக்கே, மத்தியான மழை விட்டபோதே தெரிந்துவிட்டது. அதற்குள் ரயில் கிள்ளானைத் தாண்டி, கப்பலேறுகிற சுவெட்டன்ஹாம் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அம்மா அவளுக்கும் சேர்த்து உலை வைத்தாள். கிள்ளான் ரயில் வந்து கூவியது. ஸ்டேஷனிலிருந்து வருகிற ஜனங்கள் எங்கள் வரிசை வழியாக ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். எல்லாரும் போய் முடிந்ததும் நான் முனைக்கு நடந்தேன். சீனர் கடையில் சாக்கின் ஓரத்தில் நாலு கத்தரிக்காய் தனியாக இருந்தது. காலையில் மூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போகிறபோது நின்று, எப்போதும் போலப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனாளாம். நான் கேட்காமலே சீனர், "நந்தி பாலிக்" என்றார்.

மறுநாள் கோவில் விட்டு வரும்போதும் அவை அங்கேயே இருந்தன. தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்த நாலையும் எனக்குக் கொடுங்கள் என்றேன். சீனர் முதலில் புதுக் காயின் பக்கம் கையைக் காட்டினார். நான் அதையே மறுபடி காட்டினேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பத்திரிகைத் தாளைக் கிழித்து, நாலையும் வைத்துச் சுருட்டி, முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்.